கருந்துளை பற்றி எழுத ஆசைப்படும் கொழிஞ்சாம்பாறை மாணவிக்கு

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"சார், பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியம், பிளஸ் டூ இங்கிலீஷ் மீடியம், இப்போது காலேஜில் மலையாளத்தில் விளக்குகிறார்கள், பரீட்சை இங்கிலீஷில் எழுதுகிறோம். ஹாக்கிங் புத்தகத்தை முதலில் தமிழில் படித்தேன், அப்புறம் இங்கிலீஷிலும் படித்தேன். எனக்கும் அப்படி ஆக வேண்டும். தியரி ஆராய்ச்சியும் செய்ய வேண்டும், நம்ம ஆட்களுக்குத் தமிழில் புத்தகமும் எழுத வேண்டும். இப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறதா? பி.எட். முடித்து கேரள அரசுப் பணிக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதினால் தமிழ் மீடியம் ஹைஸ்கூல் டீச்சர் வேலை கிடைக்கும், அதை விட்டுவிட்டு எதற்கு இந்த ஆசை என்று மாமா கேட்கிறார். அப்பா தென்னந்தோப்பு குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார், அவர் எதுவும் சொல்வதில்லை, முகத்தைப் பார்த்தால் கவலை தெரிகிறது. என் காலேஜிலிருந்து அங்கெல்லாம் போக முடியுமா? எழுதுவதை இப்போதே ஆரம்பிக்கலாமா, எல்லாம் படித்து முடித்த பிறகுதானா? கருந்துளை பற்றி நான் எழுதிய கட்டுரை ஒன்றையும் வைத்திருக்கிறேன்."

அம்மிணி, கடிதத்தையும் கட்டுரையையும் படித்தேன். கட்டுரையை இரண்டு தடவை படித்தேன், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசப் போகிறேன், ஏனென்றால் நீ கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் வேலை இருக்கிறதா என்ற கேள்வி. இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் எங்கேயும் ஒரு பதவி கிடையாது. சம்பளம் வருவது ஆராய்ச்சிக்கும் பாடம் நடத்துவதற்கும். புத்தகம் எழுது என்று யாரும் உன்னை நியமிக்க மாட்டார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்களில் சிலர் அதே மேஜையில் உட்கார்ந்து, அதே விஷயத்தை, கணக்குத் தெரியாதவர்களுக்கும் சொல்லியே தீர வேண்டும் என்று எழுதுகிறார்கள். அந்தச் சிலரில் மூன்று பேரைச் சொல்கிறேன். மூவரும் குரு, சிஷ்யர், அந்தச் சிஷ்யரின் சிஷ்யர் என்று ஒரே வரிசையில் வருகிறவர்கள்.

முதல் ஆள் ஃப்ரெட் ஹாயில், கேம்பிரிட்ஜ்காரர். கார்பனிலிருந்து இரும்பு வரை நம் உடம்பிலும் மண்ணிலும் இருக்கிற தனிமங்கள் நட்சத்திரங்களுக்குள் எப்படிச் சமைந்தன என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் முக்கியமானவர். அதே மனிதர் 1949ல் பிபிசி வானொலியில் பிரபஞ்சத்தைப் பற்றிப் பொதுமக்களுக்குப் பேசினார், தான் ஏற்காத ஒரு கொள்கைக்குப் பெருவெடிப்பு என்ற பெயரைக் கொடுத்தது அப்படி ஒரு பேச்சில்தான். அறிவியல் நாவல்களும் எழுதினார். அவரிடம் முனைவர் பட்டம் வாங்கியவர் ஜெயந்த் நார்லிகர். இருவரும் சேர்ந்து 1964ல் ஈர்ப்புக்கு ஒரு புதிய கோட்பாட்டை முன்வைத்தார்கள். நார்லிகர் 1972ல் இந்தியா திரும்பி மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆரில் சேர்ந்தார், 1988ல் தொடங்கிய புனே வானியல் ஆராய்ச்சி மையமான ஐயூகாவின் நிறுவன இயக்குநர் ஆனார், இவ்வளவுக்கும் நடுவில் மராத்தியில் அறிவியல் கதைகள் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் மராத்தியில் எழுதிய சுயசரிதைக்கு 2014ல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. 2025 மே மாதம் காலமானார். தாய்மொழியில் எழுதுகிற இயற்பியலாளர் என்றால் எப்படி இருப்பார் என்று உன் மாமா கேட்டால் இவரைச் சொல்.

மூன்றாவது ஆள்தான் உனக்கு மிக அருகில் இருக்கிறவர். தாணு பத்மநாபன், திருவனந்தபுரத்தில் 1957ல் பிறந்தவர். பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டும் திருவனந்தபுரம் யூனிவர்சிட்டி காலேஜில். அது அரசுக் கல்லூரி. பி.எஸ்சி. படிக்கும்போதே, 20 வயதில், ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலில் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டார். 1979ல் டி.ஐ.எஃப்.ஆர். போய் நார்லிகரிடம் ஆராய்ச்சி செய்தார், 1992ல் ஐயூகாவுக்கு மாறி, 2021ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஒரு பொருளைச் சூடாக்க முடியும் என்றால் அதற்குள்ளே நுண்ணிய துகள்கள் இருந்தாக வேண்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியலாளர் போல்ட்ஸ்மன் காலத்து வாதம். ஒளிகூட வெளியே வர முடியாத கருந்துளையின் எல்லைக்கும் வெப்பநிலை உண்டு, அப்படியென்றால் வெளிக்கும் காலத்துக்கும் அடியிலும் ஏதோ நுண்ணமைப்பு இருக்க வேண்டும், ஈர்ப்பு என்பது அதன் மேல்மட்டத்து வெளிப்பாடு என்று பல வருடங்கள் விடாமல் வாதாடினார். இன்னும் முடிவாகாத வாதம் இது, ஆனால் உலகம் முழுக்கக் கவனித்துப் படித்தார்கள். வானியற்பியலுக்கு மூன்று தொகுதிப் பாடநூல் எழுதியதும் அவர்தான். 1980களில், தன் ஆராய்ச்சி வேகமெடுத்த வருடங்களில், சயின்ஸ் ஏஜ் பத்திரிகையில் இயற்பியலின் கதையைப் பிள்ளைகளுக்கான படக்கதைத் தொடராக எழுதியதும் அதே கை. அது பின்னால் புத்தகமாகி இந்திய மொழிகள் சிலவற்றுக்கும் போனது. மனைவி வசந்தி பத்மநாபனோடு சேர்ந்து அறிவியலின் வரலாறு பற்றி எழுதிய புத்தகம் 2019ல் வந்தது.

இந்த மூவரிடமும் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. யாரும் ஓய்வு பெற்ற பிறகு எழுத வரவில்லை. ஆராய்ச்சி சூடாக இருந்தபோதே எழுதினார்கள். அதனால்தான் அந்த எழுத்தில் உயிர் இருக்கிறது.

நீ சொன்ன ஹாக்கிங்கும் அப்படித்தான். 'எ ப்ரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' என்ற அவருடைய அந்தப் புகழ்பெற்ற புத்தகம் 1988ல் வந்தபோது அவருக்கு 46 வயது. அதற்கு முன்னாலேயே பென்ரோஸோடு சேர்ந்து 1970ல் வெளியும் காலமும் முற்றுப்பெறும் இடங்கள் உண்டு என்று காட்டும் ஒருமைத் தேற்றம், 1973ல் எல்லிஸோடு சேர்ந்து கணிதம் நிறைந்த ஒரு கனமான நூல், 1974ல் கருந்துளைக் கதிர்வீச்சு என்று எல்லாம் செய்து முடித்திருந்தார். ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்று யாரோ அவரை எச்சரித்தார்களாம், அதனால் ஆற்றலையும் நிறையையும் இணைக்கும் ஐன்ஸ்டைன் சமன்பாடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்றது. அந்த எண்ணை நீ உன் அளவுகோலாக வைத்துக்கொள்ளாதே, அது உலகத்தில் மிக அபூர்வமாக நடப்பது. நீ கவனிக்க வேண்டியது, எழுதாமல் விட்ட சமன்பாடுகள் அத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான்.

இப்போது உன் கட்டுரை. தமிழ் நன்றாக ஓடுகிறது. பயப்படாமல் எழுதியிருக்கிறாய், அது எல்லோருக்கும் வராது. ஆனால் மூன்று இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன்.

ஒன்று, "கருந்துளை பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும்" என்கிறாய். இது நிறையப் பேர் எழுதுகிற வரிதான். ஆனால் நீ ஒரு சின்ன யோசனை செய்து பார். சூரியன் அப்படியே, அதே நிறையோடு, ஒரு கருந்துளையாகச் சுருங்கிவிட்டது என்று வைத்துக்கொள். பூமிக்கு என்ன ஆகும்? வெளிச்சம் போய்விடும், குளிர்ந்து உறைந்துவிடும், ஆனால் சுற்றுப்பாதை மாறாது. பூமி இருக்கும் தூரத்தில் ஈர்ப்பு முன்பு இருந்த அதே அளவுதான். உறிஞ்சுவதெல்லாம் நடக்காது. சூரிய நிறையுள்ள கருந்துளையின் ஆரம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர், அது சுழலாமல் இருந்தால் அதன் மையத்திலிருந்து 9 கிலோமீட்டருக்கு உள்ளே போனால்தான் நிலையான வட்டப்பாதை இல்லாமல் போகிறது. நியூட்டன் விதியில் அப்படி ஓர் எல்லையே கிடையாது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு நியூட்டனின் ஈர்ப்பிலிருந்து விலகுவது அங்கேதான். உன் கட்டுரைக்கு உண்மையான ஆச்சரியம் அங்கே காத்திருக்கிறது. உறிஞ்சும் என்ற வரி அதை மறைத்துவிட்டது.

இரண்டு, கருந்துளையின் ஓரத்தில் ஒரு துகளும் எதிர்த்துகளும் ஜோடியாகத் தோன்றி, ஒன்று உள்ளே விழ மற்றொன்று தப்பித்து வருவதுதான் ஹாக்கிங் கதிர்வீச்சு என்று எழுதியிருக்கிறாய். நீ படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, உன்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஹாக்கிங் 1975ல் விரிவாக வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் போட்ட கணக்கு இது இல்லை. ஒரு நட்சத்திரம் சுருங்கிக் கருந்துளை ஆவதற்கு முன்னால் வெறுமையாகத் தெரிகிற புலம், சுருங்கி முடிந்த பிறகு தூரத்தில் இருப்பவருக்கு வெறுமையாகத் தெரிவதில்லை, அவருக்கு அதில் துகள்கள் தெரிகின்றன, அந்தத் துகள்களின் பரவல் சூடான பொருளிலிருந்து வரும் கதிர்வீச்சு மாதிரி இருக்கிறது. அவர் காட்டியது இதை. ஜோடிக் கதையை அதே கட்டுரையில் அவரே குறிப்பிட்டு, இது ஒரு படம் மட்டுமே, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறார். பொதுமக்களுக்கான புத்தகத்தில் அந்தப் படம்தான் முன்னால் வந்தது, உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. மூலக் கணக்கைப் படித்தவருக்கு மட்டும்தான் எது படம், எது விஷயம் என்று தெரியும். நீ அதைப் படிக்கும் இடத்துக்கு வர இன்னும் நாலைந்து வருடம் ஆகலாம். வந்துவிட்டாய் என்றால் அதைத் தமிழில் சரியாகச் சொல்லக்கூடிய மிகச் சிலரில் ஒருத்தியாக இருப்பாய்.

மூன்று, "விண்வெளியில் உள்ள கருந்துளைகள் ஆவியாகிக் கரைந்துகொண்டிருக்கின்றன" என்ற வரி. சூரிய நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதைச் சுற்றியுள்ள வெட்டவெளியிலோ, பெருவெடிப்பின் மிச்சமாக எங்கும் பரவியிருக்கும் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு 2.7 கெல்வினில் இருக்கிறது. தன்னைவிடச் சூடான இடத்தில் இருக்கும் பொருள் வெப்பத்தை வாங்கத்தான் செய்யும். அதனால் நட்சத்திர அளவுள்ள கருந்துளைகள் இன்றைக்குக் கரையவில்லை, விடுவதைவிட அதிகமாக வாங்கிக்கொண்டிருக்கின்றன. உன் முதல் வருடப் பாடத்தில் இருக்கிற வெப்ப இயக்கவியலே இதற்குப் போதும். ஹாக்கிங் வெப்பநிலைக்கான சூத்திரத்தைத் தேடி எடுத்து, எண்களைப் போட்டுப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் நீயே கண்டுபிடித்திருப்பாய்.

நான் சொல்ல வருவது இதுதான்: நீ எழுதின இடங்களில் எங்கே கணக்குப் போட்டுப் பார்க்கவில்லையோ அங்கேதான் கட்டுரை வழுக்குகிறது. எழுத்துத் திறமை குறைவால் வழுக்கவில்லை. ஆராய்ச்சியாளர் ஆவதும் எழுத்தாளர் ஆவதும் இரண்டு தனித்தனி ஆசைகள் என்று நினைத்துக் கேட்டிருக்கிறாய், எனக்கு அப்படித் தெரியவில்லை. கணக்குப் போடுகிற கை பழகப் பழக எழுத்தும் தானாகத் திடமாகும்.

சரி, அந்தக் கை உனக்குப் பழகுமா, பிடிக்குமா? இதை நீ இந்த வருடமே தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இயற்பியலைப் பற்றிப் படிப்பது பிடிப்பதும் இயற்பியல் செய்வது பிடிப்பதும் ஒன்றல்ல. எனக்குத் தெரிந்து மிகவும் புத்திசாலியான பிள்ளைகள் சிலர் இந்த வித்தியாசம் தெரியாமல் ஆராய்ச்சிக்கு வந்து, முதல் வருடத்திலேயே நொந்து போனார்கள். ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு கோளின் ஈர்ப்பை விட்டு வெளியேறத் தேவையான தப்பிக்கும் திசைவேகத்துக்கான சூத்திரம் உனக்குத் தெரியும். அந்த வேகம் ஒளியின் வேகத்துக்குச் சமமாகும்போது ஆரம் எவ்வளவு என்று போட்டுப் பார். ஈர்ப்பு மாறிலியையும் நிறையையும் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டியிருக்கும். பூமியின் நிறையைப் போட்டால் சுமார் 9 மில்லிமீட்டர் வரும், அதாவது பூமி முழுவதையும் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு நசுக்க வேண்டும். ஜான் மிஷல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1783லேயே இந்த வழியில் யோசித்துவிட்டார். விடை சரி. ஆனால் வழி தவறு! தப்பிக்கும் வேகத்தைக் கணக்கிடப் பயன்படும் இயக்க ஆற்றல் சூத்திரம் ஒளிக்குப் பொருந்தாது, அவ்வளவு வலுவான ஈர்ப்புக்கு நியூட்டன் விதியும் பொருந்தாது. இரண்டு தவறும் ஒன்றையொன்று சரிக்கட்டிச் சரியான எண்ணைத் தருகின்றன. முறையான விடை, ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு ஷ்வார்ஸ்சைல்ட் கண்டு 1916ல் வெளியான தீர்வில்தான் இருக்கிறது.

இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றுகிறது? "அட, நல்ல செய்தியாக இருக்கிறதே, இதைக் கட்டுரையில் போடலாம்" என்று தோன்றினால் நீ எழுத்தாளர். "அப்படியானால் சரியான வழி எது, அதை நானே போட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது" என்று அரித்தால் நீ இயற்பியலாளர். இரண்டும் தோன்றினால் நீ கேட்கிற இடத்துக்கு வரத் தகுதியான ஆள். முதலாவது மட்டும் தோன்றினால் அதில் குறைவு எதுவும் இல்லை. தமிழில் அறிவியல் எழுத்துக்குப் பாதை போட்டவர்களில் ஒருவரான பெ.நா. அப்புசாமி வழக்கறிஞர். ஆராய்ச்சியாளர்களிடம் கேட்டு, சரிபார்த்து, நன்றாக எழுதுகிறவர்கள் நமக்கு நிறைய வேண்டும். ஆனால் அதற்குப் போகும் பாதை வேறு, பிஎச்.டி.யில் ஆறு வருடம் போட வேண்டிய அவசியம் இல்லை.

உன் காலேஜ் போதுமா என்று கேட்கிறாய். பத்மநாபன் எங்கே படித்தார் என்று சொல்லிவிட்டேன். கோட்டயம் பக்கத்தில் பள்ளம் என்ற ஊரில் பிறந்த ஈ.சி.ஜி. சுதர்சன், கோட்டயம் சி.எம்.எஸ். காலேஜில் தொடங்கி, சென்னையில் பட்டம் வாங்கி, சில அணுக்கருச் சிதைவுகளுக்குக் காரணமான வலுக்குறைந்த விசையின் அமைப்பைக் கண்டு சொன்னவர்களில் ஒருவரானார். நம் பக்கத்துக் கல்லூரிகளில் இருக்கும் உண்மையான குறை வேறு. பாடத்தைப் பரீட்சைக்கு நடத்துகிறார்கள், தீர்க்கக் கணக்கு கொடுப்பதில்லை. ஆராய்ச்சி மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். பிடித்த பாடம் என்ன என்று கேட்டால் வருகிற பிள்ளைகளில் பலர் கருந்துளை, இழைக் கொள்கை என்று சொல்வார்கள். சரி, சாதாரண ஊசல் ஒன்று இருக்கிறது, அதை அதிக வீச்சோடு ஆட விட்டால் ஓர் அலைவுக்கு ஆகும் நேரம் கூடுமா குறையுமா என்று கேட்போம். அங்கே நின்றுவிடுவார்கள். சூத்திரம் தெரியும், அது சிறிய வீச்சுக்கு மட்டும்தான் என்பதும் வாசகமாகத் தெரியும், ஆனால் ஏன் என்று யோசித்ததில்லை. நாங்கள் பார்ப்பது விடையை அல்ல, பலகையில் நின்று அந்தப் பிள்ளை யோசிக்கிறதா என்பதைத்தான். (கூடும். ஏன் என்று நீ யோசி.)

இந்தக் குறையை வீட்டிலிருந்தே சரிசெய்யலாம். மின்காந்தவியலுக்கும் குவாண்டம் இயக்கவியலுக்கும் கிரிஃபித்ஸ் எழுதிய பாடநூல்கள் உன் நூலகத்தில் அநேகமாக இருக்கும். படித்தால் போதாது, அத்தியாயக் கடைசியில் உள்ள கணக்குகளைப் போட வேண்டும், விடைப் புத்தகம் பார்க்காமல். சென்னை ஐஐடியில் வி. பாலகிருஷ்ணன் நடத்திய செவ்வியல் இயற்பியல், குவாண்டம் இயற்பியல் வகுப்புகள் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல் வழியாக யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றைப் பேனாவும் நோட்டும் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பார். கணிதத்தை இயற்பியலுக்குத் துணைப்பாடம் என்று நினைத்துத் தள்ளிவிடாதே. தியரிக்குப் போகிறவளுக்கு நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் கலப்பெண் சார்புகளும் கை வந்தாக வேண்டும். மலையாளத்தில் விளக்கம் கேட்டு, இங்கிலீஷில் எழுதி, தமிழில் யோசிக்கிறேன், குழப்பமாக இருக்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாய். சமன்பாடு எந்த மொழியிலும் ஒன்றுதான், அங்கே குழப்பம் இல்லை. இங்கிலீஷில் தடையில்லாமல் படிக்கவும் பேசவும் மட்டும் பழகிக்கொள், நேர்காணலுக்கு அது வேண்டும், இலக்கணம் தப்பினால் யாரும் கண்டுகொள்வதில்லை.

இனிப் பாதை. கேரளத்தில் 2024ல் நாலு வருட டிகிரி வந்துவிட்டதால், நீ மூன்றாம் வருடம் முடித்துப் பட்டத்தோடு வெளியே வரலாம், அல்லது நாலாம் வருடம் ஆனர்ஸ் படிக்கலாம். மூன்றாம் வருடம் பிப்ரவரியில் நடக்கும், எம்.எஸ்சி.க்கான நுழைவுத் தேர்வான ஜாம் பரீட்சையை எழுது. அதில் நல்ல ரேங்க் வந்தால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேரலாம். உனக்குப் பஸ்ஸில் போய் வரும் தூரத்தில், கஞ்சிக்கோட்டில், பாலக்காடு ஐஐடியே இருக்கிறது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் ஜாம் வழிதான். ஜெஸ்ட் என்று இன்னொரு பரீட்சை இருக்கிறது, சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், நாங்கள் மேட்சயன்ஸ் என்று சொல்வது, அது மாதிரியான தியரி நிறுவனங்களுக்கு அதுதான் வாசல். 1962ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய இடம் அது, சுதர்சன் 1980களில் அங்கே இயக்குநராக இருந்தார். ஒரு தடவையாவது போய் நூலகத்தைப் பார்த்துவிட்டு வா. மூன்றாம் வருடத்தில் இடம் கிடைக்கவில்லை என்றால் நாலாம் வருடத்தில் உட்கார்ந்து மறுபடியும் எழுது, அதற்கு வசதியாகவே இந்த ஏற்பாடு இருக்கிறது. இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு வழக்கமாக வருடக் கடைசியில் விண்ணப்பம் கேட்பார்கள், அதை இந்த முறையே போடு. இரண்டு மாதம் ஒரு ஆராய்ச்சியாளரோடு இருந்து பார்த்தால், நான் எவ்வளவு எழுதினாலும் சொல்ல முடியாதது உனக்குத் தெரிந்துவிடும்.

காலமும் பணமும் பற்றி உன் அப்பா கேட்காமல் கேட்கிற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். எம்.எஸ்சி. முடிக்க உனக்கு 23 ஆகும். பிஎச்.டி. ஐந்தாறு வருடம். ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, ஹாஸ்டல் இல்லாவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. அதனால் பிஎச்.டி. சேர்ந்த நாளிலிருந்து வீட்டுக்கு நீ பாரமில்லை, கொஞ்சம் அனுப்பவும் முடியும். அதற்குப் பிறகுதான் கடினம். போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆராய்ச்சி வேலைக்கு ஒரு நாட்டில் இரண்டு வருடம், இன்னொரு நாட்டில் மூன்று வருடம் என்று போக வேண்டியிருக்கும், நிரந்தர வேலை கிடைக்கும்போது 33, 35 வயது ஆகியிருக்கும். எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. தியரியில் பிஎச்.டி. வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர் ஆவதில்லை. கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறார்கள், கம்பெனிகளில் தரவு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் தோற்றவர்கள் இல்லை, படித்த கணிதம் அங்கேயும் சோறு போடுகிறது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு இறங்குவது வேறு, நடுவில் தெரிந்துகொண்டு உடைந்து போவது வேறு.

புத்தகத்தில் பணம் வரும் என்று கணக்கில் சேர்க்காதே. 200 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்று, பத்து சதவீத ராயல்டி வந்தாலும் 10,000 ரூபாய்தான். தமிழில் அறிவியல் எழுதுவது சம்பளத்தின் மேல் நின்று செய்ய வேண்டிய வேலை. அதனால்தான் அந்தச் சம்பளம் தரும் வேலையைப் பற்றி முதலில் பேசினேன்.

மாமா சொல்வதை நான் எதிர்க்கவில்லை. நம் பக்கத்தில் தமிழ் மீடியம் பள்ளிகளுக்கு நல்ல இயற்பியல் ஆசிரியர் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தால் அது அந்தப் பிள்ளைகளின் பாக்கியம். நானும் அப்படி ஒரு ஆசிரியரால்தான் இந்தப் பக்கம் வந்தேன். நான் சொல்வது வரிசையைப் பற்றி. பி.எட்.டை எம்.எஸ்சி.க்குப் பிறகும் படிக்கலாம், பி.எஸ்.சி. எழுத வயது இன்னும் நிறைய இருக்கிறது, எம்.எஸ்சி. இருந்தால் ஹயர் செகண்டரிக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் தியரிக்கான கணிதத்தை 21லிருந்து 25க்குள் விட்டுவிட்டால் பிறகு திரும்பப் பிடிப்பது மிகக் கடினம். அதனால் மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லாதே, அப்புறம் என்று சொல். ஜாமுக்கு இரண்டு வாய்ப்பு, அதற்குள் வரவில்லை என்றால் பி.எட். என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய். தேதி போட்ட முடிவாக இருந்தால் அப்பாவின் கவலை பாதி குறையும்.

பெண் பிள்ளை, எவ்வளவு காலம் வெளியூரில் இருப்பாள் என்ற பேச்சும் வரும், நீ எழுதவில்லை என்றாலும் எனக்குத் தெரியும். ரோகிணி கோட்போலே என்ற துகள் இயற்பியலாளரைப் பற்றி வீட்டில் சொல். புனேயில் படித்து, ஐஐடி பம்பாயில் எம்.எஸ்சி. முடித்து, 1979ல் அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பி வந்தவர். 1995லிருந்து ஐஐஎஸ்சியில் வேலை செய்தார், பத்மஸ்ரீ வாங்கினார். இந்தியப் பெண் விஞ்ஞானிகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்லும் கட்டுரைகளை ராம் ராமசாமியோடு சேர்ந்து 2008ல் தொகுத்து வெளியிட்டார். 2024 அக்டோபரில் காலமானார். அந்தத் தொகுப்பில் கல்யாணம், குழந்தை, வீட்டு எதிர்ப்பு, ஹாஸ்டல் எல்லாம் வருகிறது. நீயும் உன் அம்மாவும் சேர்ந்து படிக்க வேண்டியது.

கடைசியாக, எழுத்தை இப்போதே ஆரம்பிக்கலாமா என்ற கேள்வி. இப்போதே ஆரம்பி, ஆனால் கருந்துளையிலிருந்து வேண்டாம். நீ முழுக்கக் கணக்குப் போட்டு முடித்த விஷயத்தை மட்டும் எழுது. இந்த வாரம் ஊசல் பற்றிய அந்தக் கேள்வியைத் தீர்த்தாய் என்றால், அதைச் சமன்பாடு இல்லாமல் இரண்டு பக்கத்தில் எழுத முடிகிறதா என்று பார். கிணற்றுக் கப்பி, தோப்புக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார், மழைக்குப் பிறகு வரும் வானவில் எல்லாவற்றிலும் நல்ல இயற்பியல் இருக்கிறது, தமிழில் சரியாக எழுதப்பட்டது குறைவு. மாதம் ஒன்று போதும், படிப்பைத் தின்ன விடாதே. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் துளிர் பத்திரிகைக்கு அனுப்பிப் பார். மலையாளம் நன்றாக வருகிறது என்றால் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் யுரேக்கா, சாஸ்திரகேரளம் இதழ்களை வாங்கிப் படி, பிள்ளைகளுக்கு அறிவியல் எழுதுவதில் பல வருட அனுபவம் உள்ளவர்கள், அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அனுப்புவதற்கு முன்னால் ஒன்று செய். நீ படித்த தமிழ் மீடியம் பள்ளிக்குப் போய், தலைமையாசிரியரிடம் கேட்டு, எட்டாம் வகுப்பில் அந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டு. பிள்ளைகள் எந்த வரியில் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள் என்று குறித்துக்கொள், அந்த வரியைத் திருத்து. அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால், அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து அன்று ராத்திரியே கணக்காகப் போட்டுப் பார்.